ஸ்மார்ட் லைட்டிங்: சுவர் ஸ்விட்சை விட்டுக்கொடுக்காமல் அமைப்பது எப்படி

ஸ்மார்ட் லைட் என்றதும் பெரும்பாலானவர்கள் முதலில் வாங்குவது பல்பு. ஆப்பில் நிறம் மாற்றிப் பார்க்க ஒரு வாரம் நன்றாகத்தான் இருக்கும். பிறகு யாராவது பழக்கதோஷத்தில் சுவர் ஸ்விட்சை அணைத்துவிடுவார்கள். பல்புக்குக் கரண்ட் இல்லை, ஆப்பில் ‘ஆஃப்லைன்’ என்று வரும், இரவு ஏழு மணிக்கு எரிய வேண்டிய லைட் எரியாது. அடுத்தது ஸ்விட்ச் மேல் செல்லோடேப் ஒட்டி ‘அணைக்காதீர்கள்’ என்று எழுதிவைப்பது. அந்த நிலைக்கு வந்த வீட்டில் ஏற்பாடு தோற்றுவிட்டது என்றே அர்த்தம்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே அளவுகோலைப் பிடித்துக்கொண்டு போகிறது. நெட் இல்லாவிட்டாலும், ஆப் என்றால் என்னவென்றே தெரியாத விருந்தாளி வந்தாலும், சுவரில் தட்டினால் லைட் எரிய வேண்டும். ஆட்டோமேஷன் எல்லாம் அதற்கு மேல்தான். இதை ஒப்புக்கொண்டால் எதை வாங்குவது, எங்கே பொருத்துவது என்ற கேள்விகளில் பாதி தானாகத் தீர்ந்துவிடும்.

வாங்குவதற்கு முன் வீட்டை ஒரு சுற்று

ஒரு நோட்டில் ஒவ்வொரு ஸ்விட்ச் போர்டுக்கும் ஒரு வரி எழுதுங்கள். எத்தனை ஸ்விட்ச், ஒவ்வொன்றும் எதை எரிக்கிறது, பல்பா டியூப் லைட்டா ஃபால்ஸ் சீலிங் லைட்டா, எத்தனை வாட், அது இன்வெர்ட்டர் லைனா நேரடி ஈ.பி. லைனா, அதே போர்டில் 5 பின் சாக்கெட் இருக்கிறதா, மாடிப்படி மாதிரி இரண்டு இடத்திலிருந்து இயங்கும் டூ-வே ஸ்விட்சா. கடைசி மூன்றும் மிக முக்கியம். இவற்றைக் குறிக்காமல் ஆன்லைனில் ஆர்டர் போட்டவர்கள்தான் பெட்டியைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

பிறகு எந்த லைட்டை ஸ்மார்ட் ஆக்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். எல்லாவற்றையும் ஆக்கத் தேவையில்லை. உண்மையில் பயன் தருபவை: போர்ட்டிகோவும் காம்பவுண்ட் லைட்டும், மாடிப்படி, பாத்ரூம், படுக்கையறைக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் உள்ள நடை, வரவேற்பறை. ஸ்டோர் ரூம், பரண், பூஜை அறை எல்லாம் சாதாரண ஸ்விட்சோடு இருக்கட்டும்.

இதற்கு மின்சாரக் கணக்கும் ஒரு காரணம். ஸ்மார்ட் பல்பு அணைந்திருக்கும்போதும் உள்ளே இருக்கும் ரேடியோ விழித்தே இருக்கும். பல்புக்குப் பல்பு வித்தியாசம் இருந்தாலும் அரை வாட் என்று வைத்துக்கொள்ளலாம். நாள் முழுக்க, இரண்டு மாத பில் காலத்துக்கு அது 0.72 யூனிட். அதே 9 வாட் பல்பைத் தினம் ஒரு மணி நேரம் எரித்தால் ஆவது 0.54 யூனிட். அதாவது அபூர்வமாக எரியும் இடத்தில் ஸ்மார்ட் பல்பு போட்டால், எரிவதைவிடச் சும்மா இருப்பதற்கே அதிகம் செலவாகும். இருபது பல்பு என்றால் 14.4 யூனிட். பெரிய தொகை இல்லைதான். ஆனால் ‘மின்சாரம் மிச்சமாகும்’ என்று சொல்லி விற்கிறார்களே, அந்தப் பேச்சை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள்.

பல்பா, ஸ்விட்சா?

சுவரில் ஸ்விட்ச் உள்ள இடத்தில் ஸ்விட்சையே ஸ்மார்ட் ஆக்குங்கள். பழைய ஸ்விட்ச் அப்படியே இருக்கும். அதன் பின்னால், போர்டுக்குள், தீப்பெட்டி அளவுள்ள ஒரு ரிலே மாட்யூல் (கட்டளை வந்ததும் கரண்ட்டை இணைத்துத் துண்டிக்கும் சாதனம்) உட்காரும். சோனாஃப் மினி, ஷெல்லி போன்றவை இந்த வகை. சுவரில் தட்டினாலும் எரியும், போனில் தொட்டாலும் எரியும். மாட்யூல் செத்துப்போனால் வயரைப் பழையபடி ஸ்விட்சில் முடுக்கிவிட்டுச் சாதாரண லைட்டாக ஓட்டலாம். கண்ணாடி டச் பேனல் போர்டுகள் பார்க்க அழகு. ஆனால் ஒரு பேனல் போனால் நாலு லைட்டும் ஃபேனும் சேர்ந்து போகும், ஐந்து வருடம் கழித்து அதே மாடல் கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள்.

ஸ்மார்ட் பல்பு சரியாக வருவது இரண்டே இடத்தில். ஒன்று, நிறமோ வெளிச்சத்தின் சூடோ (மஞ்சளா வெள்ளையா என்பது) மாற வேண்டிய இடம்: படுக்கையறை மேசை விளக்கு, டி.வி.க்குப் பின்னால். மற்றொன்று, வயரிங்கில் கை வைக்க முடியாத வாடகை வீடு. வாங்கும்போது ஹோல்டரைப் பாருங்கள். நம் வீடுகளில் சுவர் ஹோல்டர் பெரும்பாலும் ஊசி வகை, அதாவது பி22. தொங்கு விளக்குகளும் மேசை விளக்குகளும் பல நேரம் திருகு வகை, இ27. வெளிநாட்டிலிருந்து வாங்கி வருபவை பெரும்பாலும் திருகு வகைதான். 110 வோல்ட் மட்டும் என்று எழுதியிருந்தால் தொடாதீர்கள்.

வெளிச்சத்தை வாட்டில் அளக்காமல் லூமென்னில் அளங்கள். 10க்கு 12 அடி அறை ஏறக்குறைய 11 சதுர மீட்டர். சாதாரணப் புழக்கத்துக்கு 1,500 லூமென் அளவில் வேண்டும். ஒரு 9 வாட் ஸ்மார்ட் பல்பு 800 முதல் 900 லூமென்தான் தரும். ஒற்றைப் பல்பை மாட்டிவிட்டு ‘டல்லா இருக்கு’ என்று சொல்வதன் காரணம் இதுதான். சிவப்பு, நீலம் போன்ற நிறங்களுக்கு மாற்றினால் வெளிச்சம் இன்னும் வெகுவாகக் குறையும். அவை அலங்காரத்துக்கு மட்டும். வெளிச்சத்தின் சூடு கெல்வினில் குறிக்கப்படும்: 2,700 மஞ்சள், 4,000 நடுத்தரம், 6,500 டியூப் லைட் வெள்ளை. சமையலறைக்கும் படிப்பு மேசைக்கும் 4,000க்கு மேல், இரவு எட்டுக்குப் பிறகு மற்ற இடங்களில் 2,700 என்று வைத்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும்.

நியூட்ரல் இருக்கிறதா?

ரிலே மாட்யூல் எந்நேரமும் விழித்திருக்க அதற்குப் பேஸும் (கரண்ட் வரும் வயர்) வேண்டும், நியூட்ரலும் (கரண்ட் திரும்பும் வயர்) வேண்டும். சாதாரண ஸ்விட்சுக்குப் பேஸ் மட்டும் போதும் என்பதால் சில போர்டுகளுக்கு நியூட்ரல் கொண்டுவந்திருக்கமாட்டார்கள். ஆனால் நம்மூர் போர்டுகளில் பெரும்பாலும் ஒரு 5 பின் சாக்கெட் இருக்கும். சாக்கெட் இருந்தால் அங்கே நியூட்ரல் இருந்தே தீரும்.

சாக்கெட் இல்லாத போர்டில் கருப்பு வயரைப் பார்த்து நியூட்ரல் என்று நம்பிவிடாதீர்கள். ஸ்விட்சிலிருந்து லைட்டுக்குப் போகும் வயரையும் கையில் கிடைத்த கருப்பு வயரிலேயே இழுத்திருப்பார்கள். மல்டிமீட்டரை வைத்தாலும் ஏமாற்றும். லைட்டுக்குப் போகும் வயர், பல்பு வழியாக மறுமுனையில் நியூட்ரலோடு சேர்ந்திருப்பதால், ஸ்விட்ச் ஆஃபில் இருக்கும்போது பேஸுக்கும் அந்த வயருக்கும் நடுவில் மீட்டர் 200 வோல்ட்டுக்கு மேல்கூடக் காட்டலாம். எனவே அந்தப் போர்டில் இயங்கும் எல்லாப் பல்புகளையும் கழற்றிவிட்டு அளங்கள். அப்போதும் 230 வோல்ட்டை ஒட்டி நிலையாகக் காட்டினால் நியூட்ரல்தான். இன்னும் சந்தேகம் என்றால் வயர்மேன் வைத்திருக்கும் டெஸ்ட் லாம்பைப் பேஸுக்கும் அந்த வயருக்கும் நடுவில் பிடித்துப் பார்ப்பது தீர்மானமான வழி.

நியூட்ரல் இல்லையென்றால் ‘நோ நியூட்ரல்’ மாட்யூல்கள் உண்டு. அவை லைட் அணைந்திருக்கும்போதும் பல்பு வழியாகத் துளி கரண்ட்டை ஓடவிட்டு உயிரோடு இருக்கும். எல்.இ.டி.க்கு அந்தத் துளியே போதும், இரவெல்லாம் மங்கலாக மினுங்கும் அல்லது சில விநாடிக்கு ஒருமுறை கண் சிமிட்டும். பெட்டியோடு தரும் பைபாஸ் கப்பாசிட்டரை லைட்டுக்கு இணையாக, லைட் இருக்கும் இடத்திலேயே, பொருத்தினால் இது நிற்கும். கப்பாசிட்டரைப் போர்டுக்குள்ளேயே மாட்டிவிட்டு மினுக்கல் போகவில்லை என்று புலம்புவதில் பயனில்லை.

இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் இன்னொரு சிக்கல். மாட்யூலுக்குப் பேஸை இன்வெர்ட்டர் லைனிலிருந்தும் நியூட்ரலை ஈ.பி. சாக்கெட்டிலிருந்தும் எடுத்தால், ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச்) உள்ள வீட்டில் அது ட்ரிப் ஆகலாம். போகிற கரண்ட்டும் திரும்பும் கரண்ட்டும் ஒரே ஆர்.சி.சி.பி. வழியாகப் போய்வர வேண்டும், வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால் அது கீழே விழும். பேஸ் எந்த லைனோ நியூட்ரலும் அதே லைன் என்பதை வயர்மேனிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

மாட்யூல் பொருத்துதல்

வயரிங் பழக்கம் இல்லாதவர்கள் லைசென்ஸ் உள்ள வயர்மேனை அழையுங்கள். அவர் செய்யும்போது பக்கத்தில் நின்று இந்த வரிசையைச் சரிபார்த்தாலே போதும். ஸ்மார்ட் மாட்யூலைப் பல வயர்மேன்கள் பார்த்ததில்லை என்பதால் பெட்டியில் உள்ள வயரிங் படத்தை முன்பே போனில் அனுப்பிவிடுவது நல்லது.

1. அந்த லைனின் எம்.சி.பி.யை (மெயின் பெட்டியில் உள்ள பிரேக்கர் ஸ்விட்சை) அணையுங்கள். இன்வெர்ட்டரையும் அதன் பின்பக்க அல்லது முன்பக்க ஸ்விட்சில் அணையுங்கள். ஈ.பி. மெயினை மட்டும் அணைத்துவிட்டுப் போர்டைத் திறப்பதுதான் இந்த வேலையில் நடக்கும் மிக ஆபத்தான தவறு. மெயின் போனதும் இன்வெர்ட்டர் தானே எடுத்துக்கொள்ளும், போர்டில் 230 வோல்ட் அப்படியே இருக்கும். ஒவ்வொரு ஸ்குருவிலும் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். அதற்கு முன் கரண்ட் உள்ள இடத்தில் அதே டெஸ்டர் எரிகிறதா என்றும் பாருங்கள்.

2. போர்டின் பின்பக்கத்தை, வயரின் நிறம் தெரியும்படி, இரண்டு கோணத்தில் படம் எடுங்கள்.

3. பேஸ் வயர் எப்படிப் போகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் முதல் ஸ்விட்சுக்குப் பேஸ் வந்து, அங்கிருந்து சின்னச் சின்னத் துண்டு வயரால் அடுத்தடுத்த ஸ்விட்சுகளுக்கு லூப் அடித்திருப்பார்கள். நடுவில் உள்ள ஒரு ஸ்விட்சிலிருந்து பேஸைக் கழற்றினால் அதற்கு அப்பால் உள்ள எல்லாம் செத்துவிடும். கழற்றும் இரண்டு துண்டுகளையும், மாட்யூலுக்குப் போகும் புதுத் துண்டையும் ஒரே கனெக்டரில் சேர்க்க வேண்டும். வெறும் முறுக்கு, அதன்மேல் டேப் என்பது வேண்டாம். லீவர் கனெக்டர் விலை குறைவுதான்.

4. மாட்யூலின் பேஸ் முனைக்கு இந்தத் துண்டு, நியூட்ரல் முனைக்கு நியூட்ரல். லைட் சர்க்யூட்டுக்கு 1 அல்லது 1.5 சதுர மி.மீ. செம்பு வயர்.

5. ஸ்விட்சிலிருந்து லைட்டுக்குப் போன வயரைக் கழற்றி மாட்யூலின் அவுட்புட் முனையில் முடுக்குங்கள்.

6. இப்போது ஸ்விட்சின் இரண்டு முனையும் காலி. அவற்றிலிருந்து இரண்டு மெல்லிய வயர்களை மாட்யூலின் எஸ்1, எஸ்2 முனைகளுக்குக் கொடுங்கள். இங்கே மாடலைக் கவனியுங்கள். சோனாஃப் மினி வகையில் எஸ்1, எஸ்2 என்பது வெறும் தொடர்பை உணரும் முனை. அதில் தவறிப்போய்ப் பேஸ் பட்டால் மாட்யூல் அந்த நிமிடமே காலி. ஷெல்லி வகை ரிலேக்களில் ஒரே ஸ்விட்ச் முனைதான், அதற்குப் பேஸ் வந்தால்தான் அது உணரும்.

7. ஒவ்வொரு வயரையும் லேசாக இழுத்துப் பாருங்கள். கழன்று வரும் வயர் பிறகு சூடாகிப் பிளாஸ்டிக்கை உருக்கும்.

8. மாட்யூலைப் பெட்டியின் அடியில் திணிக்காமல் முன் தட்டை ஒட்டி வையுங்கள். மாடுலர் போர்டுகளின் பெட்டி பெரும்பாலும் இரும்புத் தகடு. நான்கு பக்கமும் தகடு மறைக்க, சிக்னலுக்கு இருக்கும் ஒரே வாசல் முன்பக்கப் பிளாஸ்டிக்தான். மாட்யூலிலிருந்து ஆன்டெனா வயர் நீட்டிக்கொண்டிருந்தால் அதை முன்பக்கமாக வளைத்து விடுங்கள், வெட்டாதீர்கள்.

9. எம்.சி.பி.யைப் போட்டு, முதலில் சுவர் ஸ்விட்சில் சோதியுங்கள். அது சரியாக வந்த பிறகுதான் ஆப்.

மாட்யூல்மேல் 10 ஆம்பியர் என்று எழுதியிருப்பதைக் கண்டு ஒரே ரிலேயில் பதினைந்து எல்.இ.டி. டவுன்லைட்டைக் கட்டாதீர்கள். அந்த அளவு ஹீட்டர் மாதிரியான லோடுக்குத்தான். எல்.இ.டி. டிரைவர்கள் ஆன் ஆகும் கணத்தில், சாதாரணமாக இழுப்பதைவிடப் பல மடங்கு கரண்ட்டை இழுக்கும். நாளடைவில் ரிலேயின் தொடர்பு முனைகள் ஒட்டிக்கொள்ளும். ‘டிக்’ சத்தம் கேட்கும், ஆனால் லைட் அணையாது. அந்த மாட்யூலை மாற்றிவிட்டு லோடை இரண்டாகப் பிரியுங்கள்.

ஃபேன் ரெகுலேட்டரோடு எல்.இ.டி. லைட்டை இணைத்து மங்கலாக்கப் பார்ப்பது, ஸ்மார்ட் பல்பை டிம்மர் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்விட்ச்) உள்ள லைனில் மாட்டுவது இரண்டும் பல்பின் ஆயுளைத்தான் குறைக்கும்.

மாடிப்படி டூ-வே

இதில்தான் வயர்மேனே தடுமாறுவார். வழக்கமான அமைப்பில் கீழ் ஸ்விட்சின் பொது முனைக்குப் பேஸ் வரும், இரண்டு வயர்கள் மேலே போகும், மேல் ஸ்விட்சின் பொது முனையிலிருந்து லைட்டுக்கு வயர் போகும். பேஸை உணரும் வகை மாட்யூல் இருந்தால் வேலை சுலபம். மேல் போர்டில் மாட்யூலை வையுங்கள். லைட்டுக்குப் போன வயரை மேல் ஸ்விட்சின் பொது முனையிலிருந்து கழற்றி மாட்யூலின் அவுட்புட்டில் கொடுங்கள். அந்தப் பொது முனையிலிருந்து மாட்யூலின் ஸ்விட்ச் இன்புட்டுக்கு ஒரு துண்டு வயர். மாட்யூலுக்கான பேஸும் நியூட்ரலும் மேல் போர்டிலிருந்து. கீழே எதையும் தொட வேண்டாம். கீழ் போர்டின் பேஸும் மேல் போர்டின் பேஸும் ஒரே லைன்தானா என்பதை மட்டும் உறுதி செய்யுங்கள்.

ஆப்பில் ஸ்விட்ச் வகையை ‘எட்ஜ்’ என்று வையுங்கள். ஸ்விட்ச் ஒரு பக்கம் இருந்தால் ஆன், மறுபக்கம் இருந்தால் ஆஃப் என்ற கணக்கு இதில் இல்லை. எந்தப் பக்கம் தட்டினாலும் நிலை மாறும். வீட்டில் உள்ளவர்களிடம் சொல்ல வேண்டியது இது ஒன்றுதான், இரண்டு நாளில் பழகிவிடும்.

வைஃபை, ஜிக்பீ

பத்து சாதனம் வரை வைஃபை போதும், தனி ஹப் (சாதனங்களை இணைக்கும் மையப் பெட்டி) வேண்டாம். அதற்கு மேல் போனால் நெட் கம்பெனி கொடுத்த ரவுட்டர் திணற ஆரம்பிக்கும். அப்போது ஜிக்பீக்கு, அதாவது ஹப் வழியாக ஸ்மார்ட் சாதனங்கள் பேசும் தனி வயர்லெஸ் முறைக்கு, மாறுவது மேல்.

பெரும்பாலான வைஃபை பல்புகளும் மாட்யூல்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறியும். ரவுட்டர் இரண்டு அலைவரிசையையும் ஒரே பெயரில் ஒளிபரப்பினால் இணைக்கும் நேரத்தில் போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கும், பல்பு 2.4-இல் தேடும், ‘டிவைஸ் கிடைக்கவில்லை’ என்று வரும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 5-ஐத் தற்காலிகமாக அணையுங்கள் அல்லது 2.4-க்குத் தனிப் பெயர் கொடுங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.3 மட்டும் என்று இருந்தாலும் பல சாதனங்கள் சேராது. டபிள்யூ.பி.ஏ.2-ஐயும் அனுமதியுங்கள்.

ரவுட்டரையோ நெட் கம்பெனியையோ மாற்றும்போது பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் புது ரவுட்டரில் கொடுத்துவிடுங்கள். எல்லா லைட்டும் தானே வந்து ஒட்டிக்கொள்ளும். இதைச் செய்யாவிட்டால் ஏணி போட்டு ஒவ்வொரு பல்பாக ரீசெட் செய்ய வேண்டிவரும்.

ஜிக்பீயில் கரண்ட்டில் ஓடும் ஒவ்வொரு சாதனமும் அடுத்ததற்குச் சிக்னலைக் கடத்தும். பேட்டரியில் ஓடும் சென்சார்கள் கடத்தாது. எனவே முதலில் கரண்ட் சாதனங்களை ஹப்பிலிருந்து வெளிப்பக்கமாக, அறை அறையாகச் சேர்த்துவிட்டு, கடைசியில் சென்சார்களை, அவை இருக்கப்போகும் இடத்திலேயே வைத்துச் சேருங்கள். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இரண்டைத் தாண்டினால் நடுவில் ஒரு கடத்தி தேவை என்று திட்டமிடுங்கள். ஜிக்பீ பல்பைச் சுவர் ஸ்விட்சில் அணைத்தால் பல்பு மட்டும் போகாது, அதை நம்பியிருந்த சென்சாரும் சேர்ந்து போகும். நியூட்ரல் வசதியுள்ள ஜிக்பீ மாட்யூலில் இந்தத் தொல்லை இல்லை, லைட் அணைந்தாலும் அது விழித்திருக்கும்.

ஜிக்பீயும் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் பேசுகிறது. வைஃபை சேனல் 1-இல் இருந்தால் ஜிக்பீயை 20 அல்லது 25-இல் வையுங்கள், வைஃபை 11-இல் இருந்தால் ஜிக்பீ 15. இதை ஆரம்பத்திலேயே செய்துவிட வேண்டும். பின்னால் மாற்றினால் சில சாதனங்களைத் திரும்பச் சேர்க்க வேண்டியிருக்கும். ஹோம் அசிஸ்டென்ட் (சொந்தக் கணினியில் ஓடும் ஆட்டோமேஷன் மென்பொருள்) வைத்திருப்பவர்கள் ஜிக்பீ டாங்கிளைக் (ஜிக்பீ பேசும் யு.எஸ்.பி. குச்சி) கணினியில் நேரடியாகச் செருகாமல் ஒரு மீட்டர் யு.எஸ்.பி. நீட்டிப்பு வயரில் தள்ளி வையுங்கள். யு.எஸ்.பி. 3 போர்ட்டின் இரைச்சல் ஜிக்பீயை அமுக்கிவிடும். பாதிப் புகார்கள் இந்த ஒரு வயரில் தீர்ந்துவிடும்.

2022 அக்டோபரில் வந்த, பல நிறுவனங்களுக்கும் பொதுவான மேட்டர் தரத்தின் லாபம், சாதனங்கள் வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்வதும், மேட்டரை ஏற்கும் எந்த நிறுவனத்தின் ஆப்போடும் சேர்வதும். புதிதாக வாங்கினால் பெட்டியில் அந்த முத்திரை இருப்பது நல்லது. ஏற்கெனவே ஓடுவதை அதற்காகக் கழற்ற வேண்டியதில்லை. எதை வாங்கினாலும் ஒரு சோதனை செய்யுங்கள்: ரவுட்டரிலிருந்து நெட் வயரை மட்டும் பிடுங்கிவிட்டுப் போனில் லைட்டைப் போடுங்கள். எரியவில்லை என்றால் உங்கள் ஹால் லைட்டுக்கான கட்டளை வேறு எங்கோ உள்ள சர்வருக்குப் போய்த்தான் திரும்பி வருகிறது.

கரண்ட் போய் வந்தால்

வெளிநாட்டு வழிகாட்டிகள் ஒரு வரியில் தாண்டிப்போகும் விஷயம், நமக்கு இதுதான் தினசரி. இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் போய் வந்ததும் படுக்கையறை ஸ்மார்ட் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து வீட்டையே எழுப்பும். காரணம், பல பல்புகளில் கம்பெனி வைத்து அனுப்பும் அமைப்பு ‘கரண்ட் வந்தால் ஆன்’. ஆப்பில் ஒவ்வொரு சாதனத்திலும் ‘பவர் ஆன் நிலை’ என்ற அமைப்பைத் தேடிப் படுக்கையறைக்கு ‘ஆஃப்’, மற்ற இடங்களுக்குக் ‘கடைசி நிலை’ என்று மாற்றுங்கள். சுவர் ஸ்விட்ச் வழியாக அணைத்துப் போடும் பல்பாக இருந்தால் மட்டும் ‘ஆன்’ என்றே விடுங்கள், இல்லையென்றால் ஸ்விட்சைத் தட்டியும் எரியாது.

பல பல்புகளில் ஸ்விட்சை வேகமாக மூன்று முதல் ஐந்து முறை போட்டு அணைப்பதுதான் ரீசெட் முறை. கரண்ட் விட்டுவிட்டு வரும் மழைநாளிலும், குழந்தை ஸ்விட்சில் விளையாடும்போதும் அது தானே நடந்துவிடும். பல்பு விடாமல் மினுங்கிக்கொண்டிருந்தால் அது கெட்டுப்போகவில்லை, புதிதாகச் சேர்க்கச் சொல்லிக் காத்திருக்கிறது.

ரவுட்டர், ஃபைபர் பெட்டி, ஹப் மூன்றையும் இன்வெர்ட்டர் லைனிலோ 12 வோல்ட் மினி யு.பி.எஸ்.ஸிலோ வையுங்கள். வாங்குமுன் அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட்டையும் ஆம்பியரையும் பாருங்கள், எல்லாப் பெட்டியும் 12 வோல்ட் அல்ல. ஹோம் அசிஸ்டென்ட்டை மெமரி கார்டில் ஓட்டினால் திடீர் மின்வெட்டில் கார்டு கெடும் வாய்ப்பு அதிகம். எஸ்.எஸ்.டி.க்கு மாற்றி, வாரம் ஒருமுறை பேக்கப் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள்.

சென்சார்: எங்கே வைப்பது, ஏன் ஏமாற்றும்

நடமாட்டத்தை அறியும் பி.ஐ.ஆர். சென்சார் பார்ப்பது வெப்பம் நகர்வதை. உடம்பு வெப்பத்துக்கும் பின்னால் உள்ள சுவரின் வெப்பத்துக்கும் வித்தியாசம் இருந்தால்தான் அதற்குக் கண் தெரியும். அக்னி நட்சத்திர நாட்களில், மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறையில் சுவரே 35 டிகிரி தாண்டி நிற்கும்போது, ஆள் வந்ததும் தெரியாமல் அது உட்கார்ந்திருக்கும். மே மாதம் மட்டும் மாடி லைட் தாமதமாக எரிந்தால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். உணர்திறனைக் கூட்டுங்கள், சென்சாரை ஆள் நடக்கும் பாதைக்கு இன்னும் அருகில் கொண்டுவாருங்கள்.

தரையிலிருந்து 2 முதல் 2.4 மீட்டர் உயரம், ஆள் அதை நோக்கி நடக்காமல் அதன் குறுக்கே நடக்கும்படி. நேரே எதிரில் வருபவரை அது தாமதமாகத்தான் கவனிக்கும். ஏ.சி. காற்று, வெயில் விழும் ஜன்னல் இரண்டையும் பார்க்கக்கூடாது. சென்சாரின் முகப்பில் பல்லி ஏறினால் யானை நடந்த மாதிரி அதற்குத் தோன்றும், நள்ளிரவில் போர்ட்டிகோ லைட் எரிந்து எரிந்து அணையும். சுவரில் ஒட்டாமல் ஒரு சின்னத் தாங்கியில் சுவரைவிட்டுத் தள்ளி மாட்டினால் பெருமளவு குறையும்.

பாத்ரூமில் அணையும் நேரத்தை 15 நிமிடம் வையுங்கள். இரண்டு நிமிடம் என்று வைத்தால் தலையில் சோப்போடு இருட்டில் நிற்க வேண்டியதுதான். ஷவர் கண்ணாடிக்கு அப்பால் இருப்பவர் பி.ஐ.ஆர். கண்ணில் படமாட்டார்.

உட்கார்ந்து படிப்பவரையும் உணர வேண்டுமென்றால் ரேடார் சென்சார். அது மூச்சின் அசைவைக்கூடப் பிடிக்கும், அதனாலேயே சீலிங் ஃபேனையும் திரைச்சீலையையும் ஆள் என்று நினைத்துக்கொண்டு லைட்டை அணைக்கவே மறுக்கும். உத்தரத்தில் ஃபேனுக்குப் பக்கத்தில் மாட்டாமல், சுவரில் ஒன்றரை மீட்டர் உயரத்தில், ஃபேனுக்குக் கீழே பார்க்கும்படி வையுங்கள். ஆப்பில் தூரத்தைக் கட்டங்களாகப் பிரித்து உணர்திறன் கொடுக்கலாம். ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு, அறையைக் காலி செய்து, எந்தத் தூரக் கட்டம் துடிக்கிறதோ அதன் உணர்திறனை மட்டும் குறையுங்கள். மரக்கதவையும் மெல்லிய தடுப்பையும் ரேடார் ஊடுருவும். அடுத்த அறையில் நடப்பவருக்கு இங்கே லைட் எரிந்தால் அதிகபட்சத் தூரத்தைச் சுருக்குங்கள்.

வெளிச்சம் குறைந்தால் மட்டும் எரிய வேண்டும் என்ற விதியில் ஒரு பொறி உண்டு. லைட் எரிந்ததும் அந்த வெளிச்சத்தையே சென்சார் அளந்து ‘போதுமான வெளிச்சம்’ என்று அணைக்கும், உடனே இருட்டாகி மறுபடி எரியும். வெளிச்ச அளவை, லைட்டைப் போடுவதற்கான நிபந்தனையாக மட்டும் வையுங்கள், அணைப்பதை நேரம் தீர்மானிக்கட்டும்.

விதிகள்: குறைவாக

முதல் மாதம் மூன்றே விதி போதும். போர்ட்டிகோ சூரிய அஸ்தமனத்துக்கு எரிந்து இரவு 11-க்கு அணைவது, மாடிப்படி நடமாட்டத்துக்கு எரிவது, இரவு 11 முதல் 5 வரை நடை விளக்கு பத்து சதவீத மஞ்சள் வெளிச்சத்தில் மட்டும் எரிவது. மங்கலாக எரிய வேண்டிய அந்த இடத்துக்கு ரிலே உதவாது, பல்போ டிம்மரோ வேண்டும்.

கடிகார நேரத்தைவிட அஸ்தமனத்தைப் பிடித்துக்கொள்வது நல்லது. சென்னையில் நவம்பர் நடுவில் சூரியன் மறைவது 5.40-ஐ ஒட்டி, ஜூலைத் தொடக்கத்தில் 6.40-ஐ ஒட்டி. ஒரு மணி நேர வித்தியாசம். வடகிழக்குப் பருவமழை நாட்களில் அதற்கும் முன்பே இருட்டிவிடும் என்பதால் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அஸ்தமனத்துக்கு 20 நிமிடம் முன்பு என்று வைக்கலாம்.

எந்த விதிக்கும் ஒரு நிறுத்தம் வேண்டும். மழை பெய்து ஓய்ந்த மாலையில் ஈசல் கிளம்பினால் போர்ட்டிகோ லைட்டை அணைத்தே ஆக வேண்டும். நீங்கள் சுவரில் அணைத்த அடுத்த நிமிடம் விதி அதைத் திரும்பப் போட்டால் வீட்டில் சண்டைதான். ‘கையால் அணைத்தால் இரண்டு மணி நேரம் தொடாதே’ என்ற நிபந்தனையைப் போர்ட்டிகோவுக்கும் ஹாலுக்கும் கண்டிப்பாகச் சேருங்கள்.

பெயர் வைக்கும்போது ‘லைட் 1’, ‘லைட் 2’ வேண்டாம். ‘ஹால் டியூப்’, ‘மாடிப்படி’, ‘கேட்’ என்று வீட்டில் வாயால் சொல்லும் பெயரையே வையுங்கள். குரல் கட்டளைக்கும் அதுதான் வசதி.

கோளாறு வந்தால்

லைட் அணைந்தும் மங்கலாக மினுங்குகிறது, மாட்யூலோ நியூட்ரல் உள்ள வகை. அப்படியானால் முன்பு வயரிங் செய்தவர் பேஸுக்குப் பதில் நியூட்ரலில் ஸ்விட்ச் போட்டிருக்கலாம். ஹோல்டரில் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். அணைந்த நிலையிலும் எரிந்தால் அதேதான், உடனே மாற்றச் சொல்லுங்கள். பல்பு மாற்றப் போனவர் ஷாக் வாங்கும் இடம் அது.

ஒரே ஒரு சாதனம் அடிக்கடி ஆஃப்லைன் ஆனால் சிக்னல். எல்லாம் ஒரே நேரத்தில் ஆனால் ரவுட்டர். தினம் ஒரே நேரத்தில் ஆனால், ரவுட்டர் சாதனங்களுக்குக் கொடுத்த நெட்வொர்க் முகவரிகளைப் புதுப்பிக்கும் நேரமாக இருக்கலாம், ஒவ்வொரு சாதனத்துக்கும் நிலையான முகவரி ஒதுக்கிவிடுங்கள். ஆப்பில் எரிகிறது என்று காட்டி நேரில் எரியாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது பல்பு, அடுத்து அவுட்புட் வயரின் ஸ்குரு.

போர்டைத் தொட்டால் சூடு தெரிந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ ஆராய்ச்சி வேண்டாம், எம்.சி.பி.யை அணைத்துவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

காலி செய்யும்போது

வீட்டை விட்டுப் போகும் முன் ஒவ்வொரு சாதனத்தையும் ஆப்பிலிருந்து நீக்கிவிட்டு ரீசெட் செய்யுங்கள். நீக்காத சாதனம் உங்கள் கணக்கிலேயே கட்டுண்டிருக்கும், அடுத்தவரால் சேர்க்க முடியாமல் போகலாம். பகிர்ந்திருந்த குடும்பத்தினர், முன்னாள் அறை நண்பர் போன்றோரின் அனுமதியையும் எடுத்துவிடுங்கள். மாட்யூலைக் கழற்றி எடுத்துப்போவதானால் பேஸ் லூப்பைப் பழையபடி போட்டு, ஆரம்பத்தில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, எல்லா ஸ்விட்சையும் ஒருமுறை போட்டுப் பார்த்த பிறகு சாவியைக் கொடுங்கள். டூ-வே இருந்தால் மேலும் கீழும் மாறி மாறி நான்கு விதத்திலும் சோதியுங்கள்.